நடுக்கோடு

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று என் உறவினர்களுக்கு இன்றுவரை புரிந்ததில்லை. கருவில் தலை எப்படி உருவாகிறது என்று முப்பது வருடமாக ஆராய்கிறேன் என்றால், "அப்போ நீங்க தலை டாக்டரா?" என்பார்கள். என் சம்பந்தியம்மா போன வாரம்கூட ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பார்ப்பது மீன் தலையும் கோழித் தலையும். முட்டை ஓட்டில் சின்னதாக ஜன்னல் வெட்டி, உள்ளே கிடக்கும் துளிக் கருவை உருப்பெருக்கியில் பார்ப்பேன். மீனோ கோழியோ மனிதனோ, தலை தொடங்குகிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

மகளுக்கு நாலாம் மாத ஸ்கேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. "நீ வாம்மா. அவங்க சொல்றது எனக்கு ஒரு எழவும் புரியாது" என்றாள். போனேன்.

ஸ்கேன் டாக்டர் சின்னப் பெண். வயிற்றில் பசையைத் தடவி, கருவியை நகர்த்தி நகர்த்தி, இது கை, இது கால் என்று காட்டிக்கொண்டே வந்தாள். தலைக்கு வந்ததும் பேச்சு நின்றது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

மூளையின் நடுவே ஒரு கோடு தெரிய வேண்டும். இடது வலது என்று பிரிந்ததற்கு அதுதான் அடையாளம். அந்தக் கோடு இல்லை. டாக்டர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இப்படிப்பட்ட கருக்கள் என் ஆய்வகத்தில் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒரு சொட்டு மருந்து விட்டு நானே உண்டாக்கியவை. மூளை பிரியாது, முகமும் கூடிவராது. அந்தப் படங்களைக் காட்டித்தான் நான் பதவி உயர்வே வாங்கினேன்.

"மூக்கு தெரியுதாம்மா? உன் மாப்பிள்ளை மூக்கு மட்டும் வேண்டாம்னு வேண்டிக்கிட்டிருக்கேன்" என்று மகள் சிரித்தாள்.

நான் அவள் காலைத் தடவிக்கொடுத்தேன்.

பக்கத்து அறையில் உட்காரவைத்து டாக்டர் விஷயத்தைச் சொன்னாள். பாவம், பக்குவமாகத்தான் சொன்னாள். பிறந்தாலும் தங்காது என்பதை வேறு எப்படித்தான் சொல்வது? மகள் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைத்தானே நீ படிச்சே. உன்னால சரி பண்ண முடியாதா?"

"முடியாதுடி."

சரிசெய்ய என்ன இருக்கிறது? நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று அவள் யோசிக்கத் தொடங்கிய நேரத்திலேயே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆரம்பத்துல ஜலதோஷத்துக்கு மாத்திரை போட்டேன். வீடு மாத்தறப்ப பெட்டி தூக்கினேன். அதனாலயா?"

"இல்லை. நீ ஒண்ணும் செய்யலை."

"தெரிஞ்சு சொல்றியா, அம்மாவா சொல்றியா?"

பெரும்பாலும் காரணம் யாருக்கும் தெரிவதில்லை. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். அப்படியென்றால் அது என்னிடமிருந்தே போயிருக்கலாம். ஆதாரமில்லாமல் மாணவர்கள் ஒரு வரி எழுதினாலும் லேசில் விடமாட்டேன் நான்.

"தெரிஞ்சுதான் சொல்றேன். இது யாராலயும் வர்றதில்லை. தானா நடக்கறது."

அவள் என் தோளில் சாய்ந்தாள். மூச்சு கொஞ்சம் சீரானது. அப்பாடா, இதையாவது செய்ய முடிந்ததே என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தலையை நிமிர்த்தினாள்.

"அப்போ அடுத்த குழந்தைக்கு இப்படி வராது, இல்லையா? அதையும் தெரிஞ்சே சொல்லு."

என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.