நகமளவு பூச்சு

ஆய்வகத்தில் நான் செய்கிற வேலையை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. பேட்டி எடுக்க வந்த பத்திரிகைக்காரருக்கு மட்டும் ஒருவழியாக விளக்கினேன். காலில் அடைத்துப்போன ரத்தக்குழாய்க்குப் பதில் வைக்கிற செயற்கைக் குழாயும் சீக்கிரமே அடைத்துக்கொள்கிறது. அதன் உட்புறத்தில் புரதப் பூச்சு கொடுத்து, அதைச் சரியான பதத்துக்கு இறுகவைத்தால் உடம்பின் செல்கள் நன்றாக ஒட்டி வளரும். நோன்புக்குக் காய்ச்சுகிற கடல்பாசி இனிப்பைத் தளர்வாகவோ கெட்டியாகவோ எடுக்கிறோமே, அந்த மாதிரிதான். "மக்களுக்கு எப்ப வரும்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிப் பழகாத வாய். "சீக்கிரமே, இன்ஷா அல்லாஹ்" என்றேன். 'விரைவில் வருகிறது' என்று போட்டுவிட்டார்கள். நான் திருத்தச் சொல்லவில்லை. என் படம் வேறு நன்றாக விழுந்திருந்தது.

என் அத்தா ஜெகபர் அலிக்குக் காந்தி மார்க்கெட் பக்கம் வாழைக்காய் மண்டி. செய்தியை நகலெடுத்து, லேமினேட் செய்து, வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தார். தொட்டியத்திலிருந்து வாழைத்தார் கொண்டுவரும் பிச்சைமுத்து மாமாவும் ஒன்று வாங்கிப்போனார்.

நான்கு மாதம் கழித்து, மனைவி பொன்னுத்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் ஆய்வக வாசலில் நின்றார். இடது காலில் துணி சுற்றியிருந்தது.

"டாக்டரு அப்பவே குழாய் வைக்கணும்னாரும்மா. நம்ம பாப்பாவோட குழாய் வரட்டும்னு இவருதான் இருந்துட்டாரு" என்றார் பொன்னுத்தாய் அத்தை.

மாமா துணியை விலக்கினார். விரல்கள் கருத்திருந்தன. எனக்கு அத்தா மேல் கோபம் வந்தது, பத்திரிகைக்காரர் மேல் வந்தது, கடைசியில் என்மேலேயே வந்து நின்றது.

"மாமா, அது இன்னும் குழாயே ஆகலை."

அவர் நம்பவில்லை. உள்ளே போய்ச் சோதனைத் தட்டை எடுத்துவந்து காட்டினேன். நகமளவு கண்ணாடித் துண்டு, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு.

"இவ்ளோதானா பாப்பா?"

"இவ்ளோதான் மாமா. மனுசங்களுக்கு வர பத்து வருசம் ஆகலாம். வராமலும் போகலாம்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, நீ படிச்ச புள்ள. இப்ப என்ன பண்ணணும்னு சொல்லு" என்றார். எனக்கு என்ன தெரியும்? ஆட்டோ பிடித்து, அவர் முன்பே காட்டியிருந்த மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் பாதத்தில் நாடி தேடினார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். குழாய் வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார். அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நாலு மாசம் முன்னாடியே சொன்னோமே, ஏன் வரலை?" டாக்டரின் குரலில் எரிச்சல் இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். மாமா முந்திக்கொண்டார்.

"தார் வெட்டுற நேரம் சார். தோட்டத்தை விட்டுட்டு வர முடியலை."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"நீ கிளம்பு பாப்பா, உன் வேலை கெட்டுப்போகும்."