அட்டைப்பெட்டி வாடை

இரண்டாவது பாட்டிலின் கார்க்கை முகர்ந்ததுமே முகத்தைச் சுளித்தேன். மழையில் நனைந்து, மூலையில் கிடந்து புழுங்கிய அட்டைப்பெட்டியின் வாடை. கிளாஸில் ஒரு மடக்கு ஊற்றிச் சுழற்றி, வாயில் வைத்துத் துப்பினேன். சந்தேகமே இல்லை. கார்க் கெட்டு வைனையும் கெடுத்திருந்தது. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் இருபது வருஷம் இருட்டில் படுத்திருந்த பிரெஞ்சு சிவப்பு வைன் அது. முதல் பாட்டிலில் கறுத்த பழத்தின் மணமும், அதற்குப் பின்னால் பென்சில் சீவும்போது வருமே, அந்த மர வாசனையும் இருந்தன. இதில் அட்டையைத் தவிர எதுவும் இல்லை. கெட்டதை மேசைக்கு அனுப்பாமல் தடுக்கத்தான் திறப்பவர் முதலில் ருசி பார்ப்பது. ஹோட்டலில் ஒன்பது வருஷமாக என் வேலையே அதுதான். சமையலறையில் எனக்குப் பெயரே மூக்கு.

"இத ஊத்த முடியாது சார்" என்று மேனேஜரிடம் காட்டினேன். "மூணாவது பாட்டில எடுக்கட்டுமா?"

"அது சேர்மன் வீட்டுக்குப் போகணும். ரிப்பன் கட்டியாச்சு. பேசாம ஊத்தும்மா. அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?" என்றவர், குரலைத் தணித்தார். "திங்கக்கிழமை உன் புரமோஷன் ஆர்டர்ல கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்குல்ல?"

இல்லாமலா? வைன் பிரிவின் தலைமைப் பொறுப்பு. இரண்டு தடவை கைக்கு வந்து நழுவியது. இரண்டு தடவையும் நான் தொழில் கற்றுக்கொடுத்த பையன்களுக்கே போனது. இந்த முறையும் போனால் சாகும்வரை கார்க் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன்.

மதிய வெயில் ஜன்னல் வழியே மேசைமேல் விழுந்தது. வைன் ருசி பழக வந்த கூட்டம், பன்னிரண்டு பேர். முதல் பாட்டில் ஒரு பெண்ணின் கிளாஸோடு தீர்ந்தது. பக்கத்தில் இருந்த அவள் அப்பாவிலிருந்து, மேசையின் தலைப்பக்கம் அமர்ந்திருந்த பேச்சாளர் வரை ஆறு பேருக்குக் கெட்டது. வைனை ரசிக்கச் சொல்லித்தர வந்த பெரிய மனிதர் அவர். கிளாஸுக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி, அளந்துவிட்டார்.

"மழை விட்ட காட்டு மண் வாசனை. கிடைக்குதா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நல்லது கிடைத்த ஆறு பேரும்கூட!

அந்த அப்பா மட்டும் தன் கிளாஸை முகர்ந்தார். மகளுடையதை இழுத்து முகர்ந்தார். மறுபடி தன்னுடையது.

"உன்னோடது நல்லா இருக்கும்மா. என்னோடதுல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வருது. முப்பது வருஷம் கோடவுன்ல இருந்தவன், எனக்குத் தெரியாதா?"

பேச்சாளர் சிரித்தார். "ஐயா, நான் சொன்ன மண் வாசனைதான் அது. பழகாத மூக்குக்கு கோடவுன் மாதிரிதான் தெரியும்."

மேசையே சிரித்தது. மகள் முகம் சிவந்தாள். "அப்பா, சும்மா இருங்கப்பா. மானத்த வாங்காதீங்க."

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சரிம்மா. எனக்கென்ன தெரியும்" என்று, செய்த தப்புக்கு ஈடுகட்டுவதுபோல அந்தக் கிளாஸையே குடிக்க எடுத்தார்.

அந்த அறையில் சரியாகச் சொன்ன ஒரே மனிதர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். அட்டையை மண் என்கிறவருக்கு மரியாதை! அதைவிடக் கேவலம், எல்லாம் தெரிந்தும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பது. இந்த மூக்கை வைத்துக்கொண்டு எனக்கு எதற்குத் தலைமைப் பொறுப்பு?

"ஐயா, குடிக்காதீங்க" என்றேன். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "நீங்க சொன்னதுதான் சரி. அது கெட்டுப்போன பாட்டில். தெரிஞ்சேதான் ஊத்தினேன். என்னை மன்னிச்சிடுங்க."

"நீ யாரும்மா இதச் சொல்ல?" என்றார் பேச்சாளர்.

"தொறந்தவ சார். உங்களுக்கும் அதுலேருந்துதான் ஊத்தினேன். மோந்து பாருங்க."

ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு குணம் உண்டென்று பூசி மெழுக ஆரம்பித்தவர், கிளாஸைத் தூக்கினார். அதில் சொட்டு மிச்சமில்லை. அவ்வளவையும் ரசித்துக் குடித்திருந்தார்.

கதவருகே மேனேஜர் விரலை மடக்கி என்னைக் கூப்பிட்டார். திங்கட்கிழமைக் கையெழுத்து போயிற்று, அநேகமாகச் செவ்வாய்க்கிழமை வேலையும் போயிற்று. நான் ஓரமேசைக்குப் போய், சேர்மன் பாட்டிலின் ரிப்பனைக் கத்தியால் அறுத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது, அந்த மகள் அப்பாவின் கிளாஸை வாங்கி முகர்ந்துகொண்டிருந்தாள். முகர்ந்து முடித்த பிறகும் அவள் முகத்தை நிமிர்த்தவில்லை.