கேட்டில் மூன்று நாள்

கீழ்பென்னாத்தூர் சாலை ரயில்வே கேட்டில் பகல் பன்னிரண்டு மணி நேரமும் வேடியப்பன்தான் கேட் கீப்பர். போன மாதம் அவருக்கு நின்றபடியே கண் அசந்துவிட்டது. கேட் திறந்து கிடக்க, டவுன் பஸ் ஒன்று ரயிலிடமிருந்து மயிரிழையில் தப்பியது. எப்படியோ புகாராகாமல் போயிற்று. ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புது ரயில்வே சட்டம் வந்த சமயம் அது. வேலை ஜாஸ்தி என்று தெரிந்தால் எட்டு மணி நேரமாகக் குறைப்பார்கள் என்று யூனியன்காரர்கள் மனுப் போட்டிருந்தார்கள். மூன்று நாள் உட்கார்ந்து நிமிஷத்துக்கு நிமிஷம் வேலையைக் குறித்துக்கொள்ள இன்ஸ்பெக்டர் பசுபதி வந்தார்.

இந்த வேடியப்பன் என்ன செய்தார் தெரியுமா? மேலதிகாரி வரும்போது கேட் அமைதியாக இருக்கவேண்டாமா என்று, விடியுமுன்பே எண்ணெய் போட்டு, புல் செதுக்கி, மாட்டு வண்டிக்காரர்களை எல்லாம் "மூணு நாளைக்கு அந்தப் பக்கமா போங்கப்பா" என்று கும்பிட்டுத் திருப்பிவிட்டார்! பிறகு மடிப்புக் கலையாத சட்டையோடு நின்றார்.

மத்தியானம் சோறு கொண்டுவந்த மனைவி கஸ்தூரி, இன்ஸ்பெக்டரின் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், வரிக்கு வரி ஓய்வுன்னு எழுதியிருக்கீங்க?"

"வேலை இருந்தாத்தானேம்மா எழுதறதுக்கு?"

கஸ்தூரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, மூளை கீளை இருக்குதா உங்களுக்கு? வேலையை ஒளிச்சு வெச்சிட்டு நிக்கிறீங்களே! மறுபடி கண்ணு அசந்தா அந்த பஸ்ஸு தப்புமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேலை போச்சு என்றே வேடியப்பன் நினைத்தார். வண்டிக்காரர்களைத் திருப்பியது வரை எல்லாவற்றையும் உளறிக் கொட்டினார்.

பசுபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பஸ் விஷயத்தை எழுதத்தான் போறேன். நீ தூங்கினன்னு எழுதற அதே வரியில, பன்னெண்டு மணி நேரம் நின்னன்னும் எழுதுவேன்." அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். "நாளையிலேர்ந்து புதுசா மூணு நாள். நாளைக்குப் பௌர்ணமி வேற. யாரையும் திருப்பி அனுப்பாத, ஆமா!"

கிரிவலக் கூட்டம் வந்தது, பஸ் வந்தது, வண்டி வந்தது. எழுதி எழுதி பசுபதிக்குக் கை கடுத்துப்போனது.

வேடியப்பனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதன் பின்னாலேயே எட்டு மணி நேர உத்தரவும் வந்தது. அப்பாடா!

எட்டு மணி நேர வேலையின் முதல் நாள், மத்தியானம் இரண்டு மணிக்கே மாற்று ஆளிடம் கொடியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தார். கோயிலுக்குப் போக இருவரும் டவுன் பஸ் ஏறினார்கள். அதே பஸ்தான். கேட் மூடியிருந்ததால் நின்றது. ரயில் தடதடவென்று கடந்து போயிற்று. வேடியப்பன் கஸ்தூரியின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

டிக்கெட் கேட்டு எழுப்ப வந்தார் கண்டக்டர்.

"எழுப்பாதீங்கண்ணா, நான் எடுக்கறேன்," என்றாள் கஸ்தூரி. "இப்ப அவர் தூங்கலாம்."