காசுக்குத் தேரை என்று பெயர்

ஓசூர் சிப்காட்டில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஜாக்சனுக்குப் போன வருஷம் வலது கையில் மூன்று விரல்கள் போயின. கம்பெனி நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனை நிறுத்திவிட்டது. குடும்பம் மனைவி டெல்சியின் தலையில் விழுந்தது. அவள் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். ஜெர்மனியில் நர்சுகளை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, டூட்டி முடிந்து வந்து ஆன்லைனில் ஜெர்மன் படித்தாள்.

அவளுக்கு உதவுவதாக நினைத்து ஜாக்சனும் நாள் முழுக்க போனில் வீடியோ பார்த்தான்.

"டெல்சி, ஜெர்மன்காரன் காசத் தேரைங்கறான். க்ரோட்டன். கரின்னும் சொல்றான், கோலெ."

"நம்ம பக்கம் துட்டு, டப்புங்கற மாதிரியா?"

"அதேதான். ஸ்பெயின்ல வான்கோழியாம். பிரெஞ்சுக்காரனுக்குக் கோதுமை!"

கை போனபிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்புக்காகவே அவள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நேர்காணலில் திரையில் ஒரு பெண்மணி ஜெர்மனில் கேட்டார்: "கணவரை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் ஏன் வர விரும்புகிறீர்கள்?"

நோயாளிகளைப் பற்றி மனப்பாடம் செய்திருந்த பதில் டெல்சிக்கு மறந்துபோனது. "கோலெ வேண்டும்" என்றாள். அந்தப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று பதற்றத்தில், "நிறைய தேரை வேண்டும்" என்று சேர்த்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து எதையோ எழுதினார்.

நாலாம் நாள் மெயில் வந்தது. தெருப்பேச்சு நோயாளிகளிடம் செல்லாது; வேலையைவிடப் பணத்தில்தான் நாட்டம் தெரிகிறது; எடுப்பதற்கில்லை.

"என்ன காரணம் சொன்னாங்க?" என்றான் ஜாக்சன்.

"வயசு முப்பத்தெட்டு ஆயிடுச்சாம்."

"வயசுக்கு நாம என்ன பண்றது, விடு" என்று அவன்தான் அவளைத் தேற்றினான்.

அடுத்த வாரம் அவள் போனை வீட்டிலேயே மறந்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பியபோது மத்தியானச் சோறு போட்டது போட்டபடி இருந்தது. போனில் அந்த மெயில், தமிழில் மாற்றப்பட்டு, திறந்தே கிடந்தது.

"வயசுன்னு சொன்னியே டெல்சி."

அவள் போனை எடுத்துத் திரையை அணைத்தாள்.

"நான் சொல்லிக்குடுத்ததாலதான?"

"இல்லீங்க. நான்தான் எங்க எதப் பேசறதுன்னு தெரியாம உளறிட்டேன்."

"கைதான் போச்சு, வாயாவது உனக்கு ஆவும்னு நெனச்சேன். அதுவும் உன்னக் கெடுத்துருச்சு."

அவள் அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் துண்டுக்குள் இழுத்துக்கொண்டான்.

"அடுத்த பேட்ச்ல சேந்துக்கறேன்" என்றாள். அதற்குக் கட்டப் பணம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்று டெல்சி இரவு டூட்டிக்கு மாறிக்கொண்டாள். பகலில் அவள் தூங்கும்போது ஜாக்சன் கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். யார் பேச்சுக் கொடுத்தாலும் தலையை மட்டும் ஆட்டுவான்.