பெனிட்டாவின் காய்ச்சல், இரண்டு பாட்டில்கள்

சமாரியாவிளையில் கடவுளை நம்புகிறவர்களும் சரி, நம்பாதவர்களும் சரி, அதற்கான காரணத்தை ஒரு பாட்டிலில் போட்டு வேதக்கோயிலின் பின்னறையில் ஒப்படைத்துவிட வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த எல்லோருக்கும் இது பொது. நம்புகிறவர்களின் பாட்டில் கிழக்கு அலமாரிக்குப் போகும், நம்பாதவர்களின் பாட்டில் மேற்கு அலமாரிக்கு. பாட்டில் கொடுக்காதவருக்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் அசன விருந்தில் பெரியவர்கள் பந்தியில் இலை கிடையாது. கல்லறைத் தோட்டத்திலும் அதே ஒழுங்குதான். கிழக்கு மதிலோரம் நம்பியவர்கள், மேற்கு மதிலோரம் நம்பாதவர்கள், நடுவில் காரணம் சொல்லும் வயது வருவதற்குள் போய்விட்ட பிள்ளைகள்.

பின்னறையின் சாவி மாசிலாமணியிடம் இருந்தது. சனிக்கிழமைதோறும் எல்லாப் பாட்டில்களையும் ஈரத்துணியால் துடைத்து, பேர் ஒட்டிய பக்கம் முன்னால் தெரியும்படி திருப்பி வைப்பது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக இதைச் செய்கிறவருக்கு ஊரில் யார்மேலும் பெரிய மரியாதை மிஞ்சவில்லை. அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சபைச் செயலாளர் இன்பதாசனின் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு அலமாரியின் நடுத்தட்டில் சரிகைத் துணி விரித்து அதன்மேல் வைத்திருக்கும். உள்ளே ஒன்றுமே இல்லை. வெளியே ‘தாத்தா ஞானஸ்நானம் எடுத்தார்’ என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். அந்தக் காலி பாட்டிலை வைத்துக்கொண்டு மனிதர் இருபது வருஷமாக மைக்கை விடவில்லை. எதிரே மேற்கு அலமாரியில் பகுத்தறிவுப் பாசறைத் தலைவர் செல்லப்பாண்டியனின் பாட்டில். அதில் ஓர் ஆட்டெலும்பு கிடக்கிறது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அசன விருந்தில் அவர் இலையில் கறி விழாமல் எலும்பு மட்டும் விழுந்தது. அன்றைக்கு எழுந்து போனவர்தான், பிரபஞ்சம் தானாகத் தோன்றியது என்று பஸ் நிலையத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு துண்டு கறி கூடுதலாக விழுந்திருந்தால் பிரபஞ்சத்துக்கு ஒரு கர்த்தா கிடைத்திருப்பார்.

மற்றவையும் இதே லட்சணம்தான். பரீட்சையில் தேறியவன் தன் ஹால் டிக்கெட்டைக் கிழக்கே கொடுத்தான். அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து தேறாமல் போனவன் தன்னுடையதை மேற்கே கொடுத்தான். பாடகர் குழுவில் ஒருவரின் குரலைக் கேட்டு நம்பிய ஒருத்தி, அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனதும் அதே குரலை எடுத்து மேற்கே வைத்துவிட்டாள். பாட்டிலைக்கூட மாற்றவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததால் நம்பியவர்கள் மட்டும் இரண்டு தட்டு. மாசிலாமணி எல்லாவற்றையும் துடைத்து வைத்தார்.

கிழக்கு அலமாரியின் கீழ்த்தட்டு மூலையில் அவருடைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. அதில் அவர் மகள் பெனிட்டாவின் காய்ச்சல் இருந்தது, நூற்றிநான்கு டிகிரி. மேற்கு அலமாரியின் கீழ்த்தட்டு மூலையில் அவர் மனைவி தங்கபுஷ்பத்தின் ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. அதிலும் அதே காய்ச்சல்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஏழு வயதில், காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் பெனிட்டா போய்விட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஒரு பக்கம் மாசிலாமணி, மறுபக்கம் தங்கபுஷ்பம். இரண்டு பேரும் ஒரே ஜெபத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் கை குளிர்ந்த அந்த நிமிஷத்தில் அவர் கடவுளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், தங்கபுஷ்பம் விட்டுவிட்டாள். காய்ச்சல் மட்டும் மிச்சமாக இருந்தது. தங்கபுஷ்பம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, காப்பியைப் பங்கு வைப்பதுபோல இரண்டு பாட்டிலில் சரிபாதியாக ஊற்றினாள். காய்ச்சலைப் பாதியாக்கினால் சூடு பாதியாவதில்லை. இரண்டும் நூற்றிநான்கிலேயே நின்றன. அதற்கு முன் இருவரும் கொடுத்திருந்த காரணங்கள் அற்பமானவை, அவற்றைக் கொட்டிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அவள் அவர் சட்டையைத் தேய்த்துக் கொடுப்பாள், அவர் கோயிலுக்குப் போவார், அவள் வீட்டில் இருப்பாள். ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பதில் இருக்கும்போது கேட்டு என்ன ஆகப்போகிறது.

இந்த ஜூலையில் மேலிடத்திலிருந்து எபனேசர் என்ற மேற்பார்வையாளர் காரணங்களைச் சரிபார்க்க வந்தார். இன்பதாசனின் காலி பாட்டிலைத் தட்டிப் பார்த்து, “நல்ல பழைய காரணம்” என்று பாராட்டினார். எலும்பைக் குலுக்கிப் பார்த்து, “கெட்டியான காரணம்” என்றார். கிழக்கே கீழ்த்தட்டில் கை வைத்தவர் சுட்டுக்கொண்டார். எதிர்ப்பக்கம் போய் அங்கேயும் சுட்டுக்கொண்டார்.

“ரெண்டும் ஒரே காய்ச்சலா?”

“ஆமாய்யா. ஒரே பிள்ளைதான்” என்றார் மாசிலாமணி.

“ஒரு காரணத்துல இருந்து ரெண்டு முடிவு வரக்கூடாது. விதி இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி கூடும். ஒருத்தர் காய்ச்சலை வச்சுக்கிடுங்க, மத்தவங்க வேற காரணம் கொண்டு வரணும்.”

 பிள்ளையின் உடம்பிலிருந்து மாசிலாமணியிடம் வந்துசேர்ந்தது அந்தச் சூடு ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டால் பெனிட்டாவும் போவாள், அவளைப் பற்றிப் பேச அவருக்கு இருந்த ஒரே ஆளான கடவுளும் போவார். தங்கபுஷ்பத்திடமிருந்து அதைப் பறிப்பதையோ அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை இன்பதாசன் கையில் பையோடு வீட்டுக்கு வந்தார்.

“அண்ணாச்சி, காய்ச்சலை மதினிக்கே விட்டுக் குடுத்திருங்க. நம்மகிட்ட உபரி நெறைய கெடக்கு. எதை வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க.”

பையில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் யாரோ குடும்பத்தோடு கன்னியாகுமரிக்குப் போய்ப் பார்த்த சூரிய அஸ்தமனம். மாசிலாமணி அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பார்த்தார், நல்ல தூக்கம் வந்தது. இன்னொன்றில் யாருக்கோ ஜெபக்கூட்டத்தில் சுகமான முட்டுவலி. அதை வைத்துக்கொண்டு அவர் அரை நாள் நொண்டினார்.

“இது எனக்குச் சேரல” என்று திருப்பிக் கொடுத்தார்.

“சேரணும்னு என்ன இருக்கு? அலமாரியில இருந்தா போதும். எனக்கு என்ன சேர்ந்தா இருக்கு?” என்றார் இன்பதாசன்.

மறுநாள் செல்லப்பாண்டியன் வந்தார். கணீரென்ற குரலில், “தங்கச்சி, காய்ச்சலை மச்சானுக்கே விட்டுக் குடுத்திரு. நம்மகிட்ட உபரி நெறைய கெடக்கு” என்றார். அவர் கொண்டுவந்தது தன் எலும்பில் பாதி. ரம்பத்தால் ஒழுங்காக அறுத்து, காகிதத்தில் பொதிந்திருந்தார்.

தங்கபுஷ்பம் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே மடித்துக் கொடுத்தாள்.

“நாய்க்குப் போடுங்க அண்ணாச்சி. அதுக்காவது நம்பிக்கை வரும்.”

அவர் கோபித்துக்கொண்டு போனார். கடவுள் இல்லை என்று சொல்கிறவர்களுக்குள் இப்படி ஒற்றுமை இல்லாமல் போனதே என்று பஸ் நிலையத்தில் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி பின்னறையில் கூடியது. பதினொரு வருஷத்துக்குப் பிறகு தங்கபுஷ்பம் கோயில் வளாகத்துக்குள் வந்தாள். இன்பதாசன் அதையே ஒரு வெற்றியாக எடுத்துக்கொண்டு கைதட்டப் பார்த்தார், யாரும் சேர்ந்து தட்டாததால் கையைத் துடைப்பதுபோல நிறுத்திக்கொண்டார். மேசையில் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களும் இருந்தன. மேசையின் வார்னிஷ் லேசாக உருகிற்று.

“வேற காரணம் கொண்டு வந்தது யாரு?” என்று எபனேசர் கேட்டார்.

இருவரும் வெறுங்கையோடுதான் வந்திருந்தார்கள்.

“ஒங்களுக்கு வேற கஷ்டமே வரலையா? ஒரு கடன், ஒரு வழக்கு? மத்தவங்க எல்லாம் எவ்வளவு சின்ன விஷயத்துல முடிச்சிருக்காங்க பாருங்க.”

“வேற எதுவும் பத்தல ஐயா” என்றார் மாசிலாமணி.

எபனேசர் பெருமூச்சு விட்டு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “ஒரே காரணத்துல இருந்து ரெண்டு முடிவு வந்தா, அது காரணமே இல்லைன்னுதான் எழுதியிருக்கு.”

“அப்போ அது வெறும் காய்ச்சல்தானே?” என்றாள் தங்கபுஷ்பம்.

“விதிப்படி அப்படித்தான்.”

“குடுங்க. வீட்டுக்குக் கொண்டு போறோம்.”

அவள் முந்தானையால் சுற்றித் தன் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். மாசிலாமணி ஒரு நிமிஷம் நின்றார். பயமாகத்தான் இருந்தது. பிறகு துண்டால் சுற்றித் தன்னுடையதை எடுத்துக்கொண்டு, அறைச் சாவியை மேசையில் வைத்தார். காலி பாட்டிலையும் எலும்பையும் இனி வேறு யாராவது துடைக்கட்டும் என்று தோன்றியது. அந்த நினைப்பு அவருக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கபுஷ்பம் இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றிக் கட்டிலில் வைத்தாள். ஈரத்துணி நனைத்து அதன்மேல் போட்டாள்.

“பதினொரு வருஷமா துணி மாத்த ஆளில்லாம கெடந்திருக்கு” என்றாள். 

“சனிக்கிழமை சனிக்கிழமை நான் தொடைச்சேன்.”

“ஒங்களோடதையா?”

“ரெண்டையுந்தான்.”

 அவள் கட்டிலோரப் பெஞ்சில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

புதன்கிழமை கமிட்டியின் கடிதம் வந்தது. காரணம் இல்லாதவர்கள் விதிப்படி சிறுவர்கள். ஆகவே இனி இருவருக்கும் அசனத்தில் பிள்ளைகள் பந்தியில்தான் இலை, கல்லறைத் தோட்டத்தில் நடுப்பகுதியில்தான் இடம். தண்டனை கடுமையானது என்பதைச் சபை வருத்தத்தோடு உணர்கிறது என்று இன்பதாசன் தன் கையாலேயே எழுதியிருந்தார். அந்த மரமண்டை, நடுப்பகுதியில் எந்தப் பிள்ளை இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டார். தங்கபுஷ்பம் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

“நல்லதாப் போச்சு” என்றாள்.

அடுத்த ஞாயிறு காலையில் மாசிலாமணி எழுந்ததும் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். காரணம் இல்லை. சட்டை தேய்த்து வைத்திருந்தது. கோயிலுக்குப் போனார். பாட்டு ஆரம்பித்ததும் வாய் தானாகத் திறந்தது, கண்ணும் பழையபடி கலங்கியது. திரும்பி வந்தபோது தங்கபுஷ்பம் பாட்டிலுக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அப்படியேதான் இருக்கு” என்றார்.

“எனக்கும் அப்படியேதான் இல்ல” என்றாள் அவள்.

அதைப் பற்றி அதற்குமேல் பேச எதுவும் இருக்கவில்லை. ஊரில் இரண்டு அலமாரி நிறையப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காய்ச்சல் திங்கட்கிழமை நூற்றிரண்டாக இறங்கியது. புதன்கிழமை நூறு. முறை வைத்துத் துணி மாற்றினார்கள், ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாட்டிலுக்கு நன்றாக வியர்த்தது. தங்கபுஷ்பம் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

“விட்டுட்டு” என்றாள்.

மாசிலாமணியும் தொட்டுப் பார்த்தார். விட்டிருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு அவருக்கு ஞாபகம் வந்தது.

“பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் குடுக்கவே இல்லியே.”

தங்கபுஷ்பம் கோடு போட்ட தாளில் எழுதினாள். இரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் தன் மகள் பெனிட்டா, காய்ச்சலால் பதினொரு வருஷமும் நாலு மாசமும் பள்ளிக்கு வர இயலவில்லை, தயவுகூர்ந்து விடுப்பு அளிக்க வேண்டும். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாயந்தரம் பள்ளி விடுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வகுப்பு டீச்சர் கடிதத்தைப் படித்து மூலையில் கையெழுத்துப் போட்டாள்.

“இப்ப காய்ச்சல் விட்டுட்டா?”

“விட்டுட்டு டீச்சர்.”

“அப்போ திங்கக்கிழமை அனுப்புங்க. அஞ்சாம் வாய்ப்பாடு நடத்தியாச்சு, வீட்டுல கொஞ்சம் சொல்லிக் குடுங்க.”

வருகிற வழியில் பேன்சி கடையில் சிவப்பு ரிப்பன் இரண்டு மீட்டர் வாங்கினார்கள். ஒற்றைச் சடையா ரெட்டைச் சடையா என்று மாசிலாமணி கேட்டார். ரெட்டைச் சடை என்று சொல்லி, தங்கபுஷ்பம் அதைச் சரிபாதியாக வெட்டித் தரச் சொன்னாள்.