நாற்பது முந்தி

தப்பு என்னுடையதுதான். ஆனால் என்னுடையது மட்டும் இல்லை. இப்படிச் சொன்னால் எங்கள் முதலாளி ஜினேஷுக்கு மூக்கு சிவக்கும். சிவக்கட்டும், எனக்கென்ன.

ஆரணியில் சேவூர் ரோட்டில் ஒரு ஷெட். உள்ளே ஒரு லேசர் மெஷின், ஒரு ஏசி, நான். வளையும் சர்க்யூட் போர்டுகளை வெட்டுவது எங்கள் வேலை. போர்டு என்றதும் பலகை என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி மெல்லிசு, தேன் நிறம், உள்ளே செம்புக் கோடுகள். கத்தியால் வெட்டினால் பிசிறு அடிக்கும். லேசரில் வேகம் குறைந்தால் ஓரம் கருகும். கருகிய இடத்தில் மின்சாரம் தாறுமாறாக ஓடி, எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒரு மெஷின் பேய் பிடித்து ஆடும். அதனால் வேகத்தை நான்தான் வைப்பேன். ஜினேஷைத் தொட விடமாட்டேன்.

எங்கள் லேசர் மெஷின் எங்களுடையது இல்லை. மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள் என்று விற்கிறவர்கள் இறக்கிவிட்டுப் போனது. பெரிய ஆர்டர் ஒன்று பிடித்தால் நிற்கும், இல்லையென்றால் லாரி வந்து தூக்கிக்கொண்டு போகும். அப்படிப் போனால் நான் மறுபடி செய்யாறு கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டும். ஏழு வருஷம் ஏறினவள் நான். ஷூவுக்குப் பசை தடவி, நின்று நின்று என் கால் பூசணிக்காயாக வீங்கியதுதான் மிச்சம். இங்கே எனக்குச் சக்கரம் வைத்த நாற்காலி இருக்கிறது. அதை யாருக்காகவும் விடமாட்டேன்.

சர்க்யூட்டின் ஒரு முனையில் வால் மாதிரி ஒரு பட்டை நீண்டிருக்கும். மெஷினில் செருகுவது அதைத்தான். ஜினேஷ் அதை டெயில் என்றார். பட்டு நெய்கிறவன் பெண்டாட்டி நான். புடவையில் கடைசியாகத் தொங்குவதற்கு எங்கள் வீட்டில் என்ன பெயரோ அதையே வைத்தேன். முந்தி. பத்து நாளில் அவரும் முந்தி என்றுதான் சொன்னார்.

அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி சர்க்யூட் ஷீட்டை அனுப்பி நாற்பது சாம்பிள் வெட்டிக் கேட்டது. ஆலையில் கறுப்பு அரிசியைக் கண்டுபிடித்து ஊதித் தள்ளுகிற மெஷின் செய்கிறவர்கள். சாம்பிள் சரியாக இருந்தால் ஆர்டர் எங்களுக்கு.

சாம்பிளுக்கு முதல் நாள் மாலை என் மேஜையில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று அரிசி மெஷின், இன்னொன்று தராசுக் கம்பெனி. எது முதலில் என்று தெரியாமல் நின்றபோது போன் வந்தது. ஜினேஷ் ஜைனர் வீட்டுப் பிள்ளை. இருட்டினால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பொழுது சாயப் பத்து நிமிஷம்தான் இருந்தது, அவர் வாயிலோ தோசை.

"குணாக்கா, அரிசி மெஷின் பீஸு... முந்தி வெட்டிடுங்க."

"முந்தியா?"

"ஆமாங்க்கா, முந்தி, முந்தி! ஜல்தி!"

வைத்துவிட்டார். போன வாரம்தான் தராசுக்காரன் முந்தி வேண்டாம் என்று நறுக்கச் சொல்லி வாங்கிப் போயிருந்தான். இவனும் அந்தக் கேஸ்தான் போல என்று நினைத்து, முந்தி தொடங்குகிற கழுத்தில் ஒரு கோடு போட்டேன். நாற்பது முந்தியையும் நறுக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமான வெட்டு என் கையில் அதுவரை விழுந்ததே இல்லை.

மறுநாள் கோயம்புத்தூர் கம்பெனியின் தர அதிகாரி தருமன் வந்தார். நமக்குப் பக்கம்தான், தெள்ளார்க்காரர். பொட்டலத்தைப் பிரித்தார்.

"இன்னா சார் இது, வாலயே காணோம்? எத செருவுறது? என் விரலயா?"

ஜினேஷ் முகம் வெளுத்துவிட்டது. நான் கண்ணாடி அறைக்குள் தொப்பி, மாஸ்க், கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தேன். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத வேஷம். வெளியே வரவில்லை.

தருமன் மூன்று நாள் தவணை கொடுத்தார். கூடவே ஒரு ஃபார்ம். தப்பு ஏன் நடந்தது, மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும்.

ஜினேஷ் எழுதி அனுப்பிவிட்டுத்தான் எனக்குக் காட்டினார். காரணம்: ஆப்பரேட்டர் குணசுந்தரியின் கவனக்குறைவு. நடவடிக்கை: குணசுந்தரி நீக்கப்பட்டார். மணிமேகலை நியமிக்கப்பட்டார்.

எனக்குக் கண் இருட்டியது. "யாரு தம்பி மணிமேகல?"

"நீங்கதாங்க்கா."

"இன்னாது?"

"பேப்பர்லதாங்க்கா. ஆள மாத்துனோம்னு எழுதுனாத்தான் அவங்க நம்புவாங்க. நாற்காலி உங்களுதுதான். அவரு வரும்போது மட்டும் நீங்க மணிமேகல."

"மொதல்ல வெட்டுன்னு சொல்லாம, வாயில தோசைய வெச்சிகினு முந்தி முந்தின்னது யாரு? அத ஏன் எழுதல?"

தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஃபார்மை மென்று துப்பியிருப்பேன். ஆனால் பஸ் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மிச்சமிருந்த ஷீட்டில் நாற்பதையும் மறுபடி வெட்டினேன், முந்தியோடு.

மூன்றாம் நாள் தருமன் வந்தார். அதே வேஷத்தோடு நான் பக்கத்தில் நின்றேன். மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சூப்பர்மா. கரியே இல்ல. உன் பேரு இன்னா?"

"மணிமேகல சார்" என்று ஜினேஷ் முந்திக்கொண்டார். தருமன் தன் நோட்டில் எழுதினார்.

"இதாம்மா வேல. முன்ன ஒருத்தி இருந்தாளாமே, குணசுந்தரியோ இன்னாவோ. அந்த மாதிரி ஆளயெல்லாம் மெஷின் கிட்டயே விடக்கூடாது. கண்ண எங்க வெச்சிகினு வெட்டினாளோ."

ஜினேஷ் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். ஆர்டர் கைக்கு வந்தாகிவிட்டது. நான் தலையாட்டினால் போதும், நாற்காலி எனக்கு. ஆனால் முடியவில்லை. மாஸ்க்கைக் கழற்றினேன்.

"நான்தான் சார் குணசுந்தரி. அந்த நாப்பதயும் நான்தான் வெட்டினேன், இந்த நாப்பதயும் நான்தான் வெட்டினேன். மணிமேகலன்னு இங்க யாருமே இல்ல."

போன், தோசை, முந்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். தருமன் சிரிக்கவில்லை.

"ஃபார்ம்ல பொய் எழுதினா ஆர்டரே பூடும். தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். எனக்கு வேலயே பூடும்."

"கெட்டுப்போன பீஸு எங்க கீது?"

எடுத்துக் கொடுத்தேன். முந்தி போன வெட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பிறகு நல்ல பீஸ். மறுபடி கெட்டது.

நிமிர்ந்து ஜினேஷைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே கை வெட்டுதான், அதுலயும் கரி இல்ல. வேற ஃபார்ம் எழுதுங்க சார். நடந்தத எழுதுங்க. ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. திங்கக்கெழம ஐநூறுக்கு ஷீட் வரும்."

ஜினேஷ் பக்கத்திலிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். தருமன் நோட்டைத் திறந்து, மணிமேகலையைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் 'கு' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"ரெண்டு சுழியா, மூணு சுழியாம்மா?"

"மூணு சுழி சார்" என்றேன். அவர் எழுதி முடிக்கும்வரை அந்த நோட்டை விட்டு என் கண் நகரவில்லை.