பன்னிரண்டு குச்சிக் கட்டு

தன்னைப் போலத் தன் மகளும் கணக்கைக் கண்டு நடுங்கக் கூடாது. சிவன்மலைக்குப் போனாலும் சரி, தெருமுனைப் பிள்ளையாரைக் கும்பிட்டாலும் சரி, ஜெயசுதா முதலில் கேட்பது இதைத்தான். மற்ற வேண்டுதலெல்லாம் இதற்குப் பிறகுதான் வரும்.

அவள் பட்டது அப்படி. பத்தாம் வகுப்பில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டுக் கணக்கில் மட்டும் கோட்டை விட்டவள். சொந்த ஊரான கணியூரில் ரிசல்ட் வந்த அன்றைக்கு அவளுடைய அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறு வாரமே திருப்பூருக்குப் போகிற பனியன் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அன்றிலிருந்து பதினாலு வருஷமாகச் செக்கிங் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள். தைத்து வரும் பனியனை இரண்டு கையாலும் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று குற்றம் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு ஓட்டைப் பனியன் வெளியே போனதில்லை என்று சூப்பர்வைசர் கன்னையனே சொல்வார். ஆனால் இத்தனை கூர்மையான கண்ணும் ஒரு கணக்கு நோட்டைப் பார்த்தால் போதும், கூசிப்போய் வேறு பக்கம் திரும்பிவிடும். சின்ன வயதில் பிடித்த பயம் அது, கழுதை வயதாகியும் விடவில்லை.

மகள் மோனிஷாவிடம் அந்தப் பயம் துளியும் இல்லை. அதுதான் ஜெயசுதாவுக்குப் பெருமை.

சாயங்காலத்தில் செய்வதற்கென்று கம்பெனியிலிருந்து இரண்டு மூட்டை பனியன் பீஸ் வீட்டுக்கு வரும். நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டி, மடித்து, கட்டிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு பீஸ் சேர்ந்தால் ஒரு கட்டு. அந்தக் கம்பெனியில் எல்லாமே டஜன்தான். எத்தனை பீஸ் ஆச்சு என்று கேட்டால் நாற்பத்தொன்று என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள், மூன்று டஜன் அஞ்சு என்பார்கள். வருஷக்கணக்காக அப்படியே எண்ணி எண்ணி, வீட்டில் வெங்காயத்தைக்கூட ஜெயசுதா டஜனாகத்தான் எண்ணுவாள்.

மோனிஷா ஐந்து வயதிலேயே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுக் கட்டப் பழகிவிட்டாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடுவதுபோல அவளுக்கு அது ஒரு விளையாட்டு. பன்னிரண்டு எடுப்பாள், நாடாவைச் சுற்றுவாள், முடிச்சுப் போடுவாள், சுவரோரம் அடுக்குவாள். மூட்டை காலியானதும் அடுக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏழு கட்டு, நாலு உதிரி என்று அறிவிப்பாள். ஒருநாள் ஜெயசுதாவே கட்டின கட்டை மோனிஷா தூக்கிப் பார்த்துவிட்டு, இதில் ஒன்று குறைகிறது என்று திருப்பிக் கொடுத்தாள். எண்ணிப் பார்த்தால் பதினொன்றுதான் இருந்தது. ஜெயசுதாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் செக்கிங் மேசையில் நின்ற அத்தனை பேரிடமும் சொல்லித் தீர்த்தாள். "என்ற புள்ள கணக்குல புலியாக்கும்," என்று அவள் சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை.

புலியை எப்படிப் பூனையாக்கினார்கள் என்பதைக் கேளுங்கள்.

மோனிஷா இரண்டாம் வகுப்புக்குப் போனாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன இங்கிலீஷ் பள்ளிக்கூடம். ஆடி மாதம் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைப் படுக்கை, தலைக்குத் தண்ணீர் என்று பதினைந்து நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பிப் போனபோது வகுப்பில் ஐஸ் குச்சிகளை வைத்துப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் குச்சிகளுக்கு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டு எத்தனை என்று இந்தப் பக்கம், உதிரி எத்தனை என்று அந்தப் பக்கம் எழுத வேண்டும். மோனிஷா அன்றைக்கு வீட்டுக்குக் குதித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்திலும் கட்டுதான் கட்டுகிறார்களாம், அவள்தான் எல்லாருக்கும் முதலில் கட்டி முடித்தாளாம்.

நோட்டு வந்தது. பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் தப்பு போட்டிருந்தது.

முதல் வாரம் ஜெயசுதா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, காய்ச்சலில் கிடந்த பிள்ளை என்று விட்டுவிட்டாள். இரண்டாம் வாரமும் தப்பு, மூன்றாம் வாரமும் தப்பு. நான்காம் வாரம் டைரியில் எழுதி அனுப்பி வரச் சொன்னார்கள். வகுப்பு மிஸ் இந்துமதி நல்ல மாதிரிதான், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். நாற்பத்திரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வைத்துக்கொண்டு மாரடிக்கிறவர். ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தில் எத்தனை குச்சி இருக்கிறது, உங்கள் பெண் என்ன எழுதியிருக்கிறாள் பாருங்கள் என்று காட்டினார்.

படத்தில் முப்பத்தைந்து குச்சி. மோனிஷா எழுதியிருந்தது இருநூற்றுப் பதினொன்று.

மிஸ் சொன்னதன் சாரம் இதுதான். ஒன்று இரண்டு கூடக்குறைய எழுதுகிற பிள்ளைகளைத் தேற்றிவிடலாம். முப்பத்தைந்துக்கு இருநூறு என்கிற பிள்ளைக்கு எண் என்பதே மண்டையில் ஏறவில்லை. பெரிய மிஸ்ஸிடமும் பேசியாயிற்று. முழுப் பரீட்சைக்குள் தேறாவிட்டால் அடுத்த வருஷமும் இரண்டாம் வகுப்பிலேயே உட்காரட்டும். பெற்றோர் சம்மதம் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

தன் விதி பிள்ளையையும் பிடித்துக்கொண்டது என்றுதான் ஜெயசுதாவுக்குத் தோன்றியது. சாயங்காலம் கணவன் சசிகுமாரிடம் சொன்னாள். கட்டிங் மேசையில் நாள் முழுக்கத் துணி விரித்துவிட்டு வந்தவன், நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "உன்ற மண்டைதானே அதுக்கும் இருக்கும்," என்றான். அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவன்மேல் காட்ட முடியாத ஆத்திரம் எங்கே போகும்? யாருடைய ஆத்திரமும் போகிற இடத்துக்கு, எளியவர்மேல்தான் போயிற்று. பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தி, முப்பத்தைந்து எங்கே, இருநூறு எங்கே என்று கேட்டாள்.

"நா சரியாத்தாம்மா கட்டுனேன்," என்றாள் மோனிஷா.

எதிர்த்துப் பேசுகிறாயா என்று கன்னத்தில் ஒன்று விழுந்தது. அதுவரை அந்தப் பிள்ளை அடி வாங்கியதே இல்லை. அழக்கூடத் தெரியாமல் மலங்க மலங்க விழித்தது.

பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. தினம் சாயங்காலம் சிலேட்டு. ஒன்றிலிருந்து நூறு வரை எழுதச் சொன்னால் மோனிஷா பிசகாமல் எழுதுவாள். இப்போது தேறிவிட்டாள் என்று ஜெயசுதா மூச்சு விடுவாள். மறுநாள் குச்சிக் கணக்கில் மறுபடி வரிசையாகத் தப்பு. வேண்டுமென்றே செய்கிறாள், திமிர் என்று தோன்றும். தொடையில் கிள்ளு விழும். கட்டுக் கட்டி விளையாடித்தான் புத்தி கெட்டுப்போச்சு என்று பீஸ் மூட்டைப் பக்கமே வரக்கூடாது என்றாள். பிள்ளை மூலையில் உட்கார்ந்து அம்மா கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். எத்தனை கட்டு ஆச்சு என்று அது சொல்வது நின்றுபோயிற்று. வீட்டில் ஒரு சத்தம் குறைந்ததை ஜெயசுதா அப்போது கவனிக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு தடவை அந்த நோட்டைத் திறந்து, பிள்ளை அப்படி என்னதான் போட்டிருக்கிறது என்று அவள் பார்த்திருக்கலாம் அல்லவா? பார்க்கவில்லை. சிவப்புக் கோட்டைப் பார்ப்பாள், மூடிவிடுவாள். கணக்குக்குப் பயந்தவள் மகளின் கணக்குக்கும் பயந்தாள். பாவி.

பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சசிகுமார் கறி எடுக்கப் போயிருந்தான். மோனிஷா பக்கத்து வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அந்தச் சம்மதக் கடிதத்தைக் கொடுத்தாக வேண்டும். கையெழுத்துப் போட வாட்டமாக ஏதாவது வேண்டுமே என்று கடிதத்துக்கு அடியில் வைக்க அந்தக் கணக்கு நோட்டை எடுத்தாள். பேனா எழுதவில்லை. எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்க்க நோட்டைத் திறந்தாள். முப்பத்தேழு குச்சி போட்ட படம் வந்தது.

மோனிஷா குச்சிகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். ஒவ்வொரு வட்டமும் ஒரு கட்டு. மூன்று வட்டம், வெளியே ஒரே ஒரு குச்சி. மூன்று, ஒன்று. முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது. எழுதினதும் வரைந்ததும் ஒத்துத்தானே போகிறது, பின்னே எங்கே தப்பு? ஜெயசுதா நோட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பனியனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒரு வட்டத்துக்குள் இருந்த குச்சிகளை விரல் வைத்து எண்ணினாள்.

பன்னிரண்டு.

அடுத்த வட்டமும் பன்னிரண்டு. அடுத்ததும் பன்னிரண்டு. பக்கத்தைப் புரட்டினாள். இருபத்தாறு குச்சிக்கு இருபத்திரண்டு என்று எழுதியிருந்தது: இரண்டு டஜன், இரண்டு உதிரி. ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு: நாலு டஜன், இரண்டு உதிரி. கடைசியாக அந்த முப்பத்தைந்து. இரண்டு டஜன் போக உதிரி பதினொன்று. கட்டுக்குக் கீழே இரண்டு, உதிரிக்குக் கீழே பதினொன்று. அதைத்தான் எல்லாரும் சேர்த்து இருநூற்றுப் பதினொன்று என்று படித்திருக்கிறார்கள்.

ஒரு கணக்கும் தப்பில்லை. வருஷம் முழுக்க ஒன்றே ஒன்றுகூடத் தப்பில்லை. பள்ளிக்கூடத்துக் கட்டுக்குப் பத்து என்று மிஸ் சொன்ன நாளில் பிள்ளை வேப்பிலையில் படுத்திருந்தது. திரும்பி வந்த பிள்ளைக்குக் கட்டென்றால் அம்மா கட்டுகிற கட்டுத்தான். அதைக் கட்டிக் காட்டி அத்தனை அடியும் வாங்கியிருக்கிறது.

ஜெயசுதா வாசல்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். எந்தக் கையால் பிள்ளையை அடித்தாளோ அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. ஆனால் அழுகைக்குள் சந்தோஷமும் இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். என்ற புள்ளைக்கு ஒண்ணும் இல்ல, புலி புலியாகவேதான் இருக்கிறது என்று மனசு துள்ளியது. மோனிஷாவைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, உன்மேல் தப்பே இல்லை கண்ணு, அம்மாதான் முட்டாள் என்றாள். மோனிஷா, சரிம்மா என்றாள். இப்போதெல்லாம் எதற்கும் அப்படித்தான் சொல்கிறாள்.

திங்கட்கிழமை ஒரு மணி நேரம் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கடிதத்தைக் கொடுக்கவில்லை, நோட்டைக் கொடுத்தாள்.

"கட்டுக்குள்ள எத்தனை குச்சி இருக்குதுன்னு எண்ணிப் பாருங்க மிஸ். எங்க ஊட்டுல டஜனுங்க. புள்ள அதையத்தானுங்க போட்டிருக்குது."

இந்துமதி மிஸ் எண்ணினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், இன்னும் ஒன்று. முகம் சுண்டிப்போயிற்று. அந்த மட்டில் நேர்மையானவர், மழுப்பவில்லை.

"ஒண்ணுகூடத் தப்பில்லைங்க," என்றார். "நான் விடையை மட்டும்தான் பார்த்தேன். கட்டை எண்ணிப் பார்க்கலை."

கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கிழித்துக் கூடையில் போட்டார். மூன்றாம் வகுப்புக்குப் போகட்டும், பெரிய மிஸ்ஸிடம் நானே சொல்கிறேன் என்றார். ஜெயசுதாவுக்கு அங்கேயே கை கூப்பிவிடலாம் போலிருந்தது. பத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை கண்மூடித் திறப்பதற்குள் கட்டிவிடும். அதைப் பார்த்துவிட்டே வேலைக்குப் போவோம் என்று நின்றாள்.

மிஸ் மோனிஷாவை வகுப்பிலிருந்து கூப்பிட்டு வரச் செய்தார். மேசைமேல் முப்பத்தைந்து குச்சிகளைப் பரப்பி, ரப்பர் பேண்டுகளை வைத்தார். அதுவரை அவர் குரலில் இல்லாத ஒரு கனிவோடு, இங்கே ஒரு கட்டுக்குப் பத்துக் குச்சி, அவ்வளவுதான், இப்போது கட்டிக் காட்டு என்றார்.

மோனிஷா குச்சிகளைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி மிஸ்.

"கட்டு கண்ணு," என்றாள் ஜெயசுதா. "உனக்குத்தான் தெரியுமே." குரல் கெஞ்சியது.

மோனிஷா ஒரு குச்சியைக்கூடத் தொடவில்லை. மெதுவாக, மரியாதையாகச் சொன்னாள்.

"எத்தனைன்னு நீங்களே சொல்லீருங்க மிஸ். நா எழுதிக்கறேன்."

மிஸ் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். பிள்ளை அசையவில்லை. பக்கத்து வகுப்பில் சத்தம் அதிகமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் அவரே, முப்பத்தஞ்சு என்றார். மோனிஷா பென்சிலை எடுத்துக் கட்டத்துக்குள் அழகாக 35 என்று எழுதி நோட்டை நீட்டினாள். மிஸ் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். பிறகு அதற்கு ஒரு ரைட் போட்டார். அந்த வருஷம் அந்த நோட்டில் விழுந்த முதல் ரைட் அதுதான்.